கல்லூரிக் கட்டணம் ஒரு லட்சம்: அடகா, விற்பதா, குழுக்கடனா, சீட்டா?

ஜூன் மாதம் எங்கள் நெல்லைப் பக்கம் இரண்டு கேள்விகள் சுற்றி வரும். கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பார்களா என்பது ஒன்று. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் பணத்துக்கு எங்கே போவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதை, மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் என்பதால், வருஷந்தோறும் பத்துப் பேராவது என்னிடம் கேட்கிறார்கள்.

இந்த முறை கேட்டது வீரவநல்லூரில் இருக்கும் என் மதினி. மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் வருஷக் கட்டணமும் விடுதியும் சேர்த்து ஒரு லட்சம். மதினி பீடி சுற்றுகிறார், வாரக்கூலி. அண்ணன் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு நெல் போடுகிறார். வீட்டில் ஐந்து பவுன் நகை இருக்கிறது. ஒரு சீட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. "தம்பி, நகையை வச்சிரவா, வித்துரவா? குழுவுல அம்பதாயிரம் தாரேங்காவ. சீட்டைத் தள்ளி எடுத்தா என்னன்னு உங்க அண்ணன் கேக்காவ. எதைச் செய்ய?" என்றார்.

இந்தக் கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால் அவருக்குச் சொன்னதை விரிவாக எழுதுகிறேன்.

கடனுக்கு முன்னால்

கடன் வாங்காமலே குறைக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் இடம் கிடைத்திருந்தால், கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு தரும் உதவித்தொகை தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 வரை போகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தும் இதற்கு விண்ணப்பிக்காத வீடுகள் முக்கூடல் பக்கமும் வீரவநல்லூர் பக்கமும் நிறைய இருக்கின்றன. எனக்கு மனசு பொறுக்காத விஷயம் இது.

அப்புறம் கல்விக்கடன். 4 லட்சம் வரை அடமானமோ வெளியாள் ஜாமீனோ தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் தகுதி உள்ளதாக இருந்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. இதில் ஒரே சிக்கல் நேரம்தான். கல்லூரி பத்து நாளில் பணம் கேட்கும். வங்கி அதற்குள் தராது. அதனால் முதல் கட்டணத்தை வேறு வழியில் கட்டிவிட்டு, அடுத்த வருஷங்களுக்கு இப்போதே விண்ணப்பம் போடுவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும்.

எதை வைத்து எடைபோடுவது

நம் ஊரில் கடனைப் பற்றிப் பேசினால் முதலில் "வட்டி எவ்வளவு?" என்றுதான் கேட்போம். அது போதாது. நான் நான்கு கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

முதலாவது, கையில் வாங்குவது எவ்வளவு, மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு. கையெழுத்துப் போட்ட தொகையும் கையில் வந்த தொகையும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டாவது, எந்தப் பணத்திலிருந்து கட்டப் போகிறோம், அது எப்போது வரும். நான்கில் இதுதான் பெரியது. வாரக்கூலி வாராவாரம் வரும். நெல் பணம் பிசானம் அறுத்து மாசி, பங்குனியில்தான் வரும். வளைகுடாவிலிருந்து வரும் பணம் மாதாமாதம் வரும். கடன் கட்டும் நாளும் பணம் வரும் நாளும் ஒத்துப் போகாவிட்டால், குறைந்த வட்டிக் கடன்கூட இன்னொரு கடனில் கொண்டுபோய் விடும்.

மூன்றாவது, கட்ட முடியாமல் போனால் எது போகும்: நகையா, தெருவில் இருக்கும் உறவா, நிம்மதியா. நான்காவது, பணம் எத்தனை நாளில் கைக்கு வரும்.

வட்டியைப் பேசும் முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். "ரெண்டு வட்டி" என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். "12 சதவீதம் ஃபிளாட்" என்று சொன்னால், நீங்கள் பாதி அசலை அடைத்த பிறகும் முழு அசலுக்கே வட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். 24 மாதத் தவணையில் அது உண்மையில் 21.6 சதவீதம் ஆகிவிடும்.

நகையை அடகு வைப்பது

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் நகைக்கடனுக்குப் புது விதிகள் வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் அவற்றுக்கு மாறிவிட வேண்டும் என்று கெடு வைத்தது. அந்த விதிப்படி 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். ஒரு வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனாக இருந்தால், அந்த வட்டியும் 85-க்குள் அடங்க வேண்டும். கல் எடை கழிந்துவிடும். கடனை அடைத்தால் அதிகபட்சம் ஏழு வேலை நாளில் நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலம் விட்டால் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல்தான் ஏலத் தொகை தொடங்க வேண்டும். கடன் போக மிஞ்சியது உங்களுக்குத்தான் சேரும்.

வங்கியில் 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி 9,000. தெரு முனை அடகுக்கடையில் ரெண்டு வட்டி என்றால் 24,000. ஒரே நகைக்கு, ஒரே ஊரில், 15,000 ரூபாய் வித்தியாசம். வங்கியில் அரை நாள் காத்திருக்க வேண்டும், மதிப்பீட்டுக் கட்டணம் உண்டு. ஆனாலும் அந்த அரை நாளுக்கு 15,000 கூலி கிடைக்கிறது என்று நினைத்துப் போய் உட்காருங்கள்.

நகைக்கடனில் ஆபத்து வட்டியை விட மறதியில் அதிகம். இதை என் வீட்டில் பார்த்திருக்கிறேன். தம்பியின் டிப்ளமோ படிப்புக்காக அம்மா தன் நாலு பவுன் செயினை ஓர் அடகுக்கடையில் 30,000-க்கு வைத்தார். ரெண்டு வட்டி, மாதம் 600. மூன்று வருஷம் வட்டி மட்டும் கட்டினோம், 21,600 ரூபாய். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அப்புறம் அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது செயின் இல்லை. நாங்கள் வீடு மாறியிருந்ததால் பழைய முகவரிக்கு அறிவிப்பு போயிருந்தது. அந்தச் செயின் இல்லாத கழுத்தோடுதான் அம்மா தம்பி கல்யாணத்தில் நின்றார்.

அதனால் அடகு வைக்கும் அன்றே மூன்று காரியம் செய்யுங்கள். மீட்கும் மாதத்தை முடிவு செய்யுங்கள். செல்பேசி எண்ணும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று கேளுங்கள். அடகுக்கடைச் சீட்டில் ஒரு வருஷமும் ஏழு நாளும்தான் கெடு. வங்கியிலும் இப்படி மொத்தமாகக் கட்டும் கடனுக்குப் பன்னிரண்டு மாதம்தான்.

தள்ளுபடிக்குக் காத்திருப்பது இன்னொரு மறைமுகச் செலவு. 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. தகுதியானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்குப் பிறகு, "அடுத்த தேர்தலுக்கு வரும்" என்று மீட்காமல் விட்டு வட்டியை ஏற்றிக்கொண்டவர்களையும் எனக்குத் தெரியும். வராத தள்ளுபடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நகையை விற்பது

"விற்பதா?" என்றதும் நம் வீடுகளில் முகம் வாடிவிடும். உணர்வு நியாயமானதுதான், ஆனாலும் கணக்கையும் பார்ப்போம்.

விற்றால் வட்டி இல்லை. இழப்பு, திரும்ப வாங்கும்போது வருகிறது. ஒரு லட்ச ரூபாய்த் தங்கத்துக்குச் சேதாரமும் செய்கூலியும் 12 சதவீதம் என்று போட்டால் 1,12,000. அதன் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 1,15,360. விற்கும்போது கடைக்காரர் கழிப்பது தனி. ஆக, விற்று மறுபடி வாங்க 15,000-க்குக் குறையாமல் போகும்.

இதை வட்டியோடு ஒப்பிடுங்கள். வங்கியில் 9,000 வட்டி என்றால் இருபது மாதத்தில் அந்த 15,000-ஐத் தாண்டும். அடகுக்கடையில் ரெண்டு வட்டி என்றால் எட்டே மாதத்தில் தாண்டிவிடும். தங்கத்தின் விலை ஏறினால் அடகு வைத்தவருக்கு லாபம், இறங்கினால் விற்றவருக்கு லாபம். அதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது என்பதால் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

எனவே இரண்டு வருஷத்துக்குள் மீட்கப் பணம் வரும் வழி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் விற்பது நல்லது. அறுந்து கிடக்கும் செயின், ஒற்றைக் கம்மல், யாரும் போடாத பழைய மோதிரம் இவற்றையும் விற்கலாம். தாலிக்கொடியையும் பாட்டி நகையையும் தொட வேண்டாம். அவற்றை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

குழுக்கடன்

இரண்டு வேறு விஷயங்களை நம் ஊரில் ஒரே பெயரில் "குழு" என்கிறோம். இந்தக் குழப்பத்தால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

ஒன்று மகளிர் சுய உதவிக் குழு. மாதாமாதம் சேமித்து, தங்களுக்குள் சுழற்றி, வங்கி இணைப்பில் கடன் வாங்குவது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு 3 லட்சம் வரை வங்கி வட்டி 7 சதவீதம். நீங்கள் அப்படி ஒரு குழுவில் இருந்தால், நகையைத் தொடும் முன் அங்கே கேளுங்கள். வங்கிக்கு 7 கட்டிவிட்டு உறுப்பினர்களிடம் அதைவிடக் கூட வாங்கும் குழுக்கள் உண்டு. ஆனால் அந்தக் கூடுதல் உங்கள் குழுவின் நிதியிலேயேதான் சேர்கிறது.

இன்னொன்று, அடமானம் இல்லாமல் சிறுகடன் தரும் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனம் தெருவில் பத்துப் பெண்களைச் சேர்த்து உட்காரவைக்கும் குழு. மதினிக்கு ஐம்பதாயிரம் தருவதாகச் சொன்னது இதுதான். 24 சதவீத வட்டியில் 50,000-ஐ 24 மாதத்தில் கட்டினால் மாதம் சுமார் 2,640; மொத்தம் சுமார் 63,400. செயல்பாட்டுக் கட்டணமும் காப்பீடும் முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். நகை இல்லாத வீட்டுக்கு இது ஒரு கதவு. வாரக்கூலி வாங்குகிறவருக்கு வாரத் தவணை பொருந்தும். அசல் தானாகக் குறைந்துகொண்டே வரும். எங்கள் வீட்டில் நடந்ததுபோல மூன்று வருஷம் வட்டி மட்டும் கட்டும் நிலை வராது.

கெட்ட பக்கம், ஒருவர் கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் கையைக் கடிக்கிறது. தண்ணீர்க் குழாயடியில் தினமும் பார்க்கும் முகங்கள் அவை. கூட்டத்துக்குப் போகும் நேரத்தில் பீடி சுற்றினால் வரும் கூலியும் போகிறது. ஒரு தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் வாங்கி, அதைக் கட்ட மூன்றாவதில் வாங்கியவர்களை மேலப்பாளையத்திலும் பார்த்திருக்கிறேன், அம்பாசமுத்திரத்திலும் பார்த்திருக்கிறேன்.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவதுதான் மைக்ரோ கடன். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது.

சீட்டைத் தள்ளி எடுப்பது

ஒரு லட்சம் சீட்டு, இருபது பேர், இருபது மாதம் என்று வைப்போம். ஐந்தாம் மாதம் 25,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து எடுத்தால், கையில் 75,000. அதுவரை நீங்கள் கட்டியது ஏறத்தாழ 20,000. அது உங்கள் சொந்தப் பணம். ஆக உண்மையான கடன் 55,000. மீதிப் பதினைந்து மாதம் சராசரி 4,400 வீதம் 66,000 கட்டுவீர்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 30 சதவீத வட்டி. அண்ணனிடம் இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சீட்டில் வட்டி என்ற சொல்லே வராததால் அது கடன் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

கடைசி மாதங்களில் தள்ளு குறைவு; அப்போது எடுப்பது நல்லது. பதிவு பெற்ற சீட்டா என்று கட்டாயம் பாருங்கள். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு இல்லாமல் சீட்டு நடத்துவது குற்றம். அந்தச் சட்டத்தில் நடத்துநர் கமிஷனுக்கு உச்சவரம்பு 7 சதவீதம். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் நடக்கும் சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

வட்டிக்கு வாங்குவது

இதை ஒரு வழியாக நான் எண்ணுவதில்லை. ஆனாலும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து வட்டிக்கு ஒரு லட்சம் என்றால் வருஷத்துக்கு 1,20,000 வட்டி; அசல் அப்படியே நிற்கும். 8,500 கொடுத்து நாள் ஒன்றுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்கும் தண்டல், பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆண்டுக் கணக்கில் 120 சதவீதத்துக்கு மேல் வரும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில், கந்துவட்டி நெருக்கடியில் கணவனும் மனைவியும் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளும் தீயில் போனார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்கலாம். எழுதாத காசோலை, வெற்றுப் பத்திரம், ஏடிஎம் அட்டை, இந்த மூன்றையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ஒரே பார்வையில்

| வழி | ஒரு லட்சத்துக்கு ஓராண்டுச் செலவு | கட்டாவிட்டால் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| வங்கி நகைக்கடன் (9%) | 9,000 | நகை | அறுவடைப் பணம் வருகிறவர் |
| அடகுக்கடை (2 வட்டி) | 24,000 | நகை | ஓரிரு வாரத்தில் மீட்கக்கூடியவர் |
| நகை விற்பது | சுமார் 15,400, திரும்ப வாங்கினால் மட்டும் | எதுவும் இல்லை | மீட்க வழி தெரியாதவர் |
| சுய உதவிக் குழு | குழுவின் வட்டியைப் பொறுத்தது | குழுவின் பெயர் | பழைய உறுப்பினர் |
| மைக்ரோ கடன் (24%) | சுமார் 13,500 (12 மாதத் தவணையில்), கட்டணம் தனி | தெரு உறவு | நகை இல்லாத வாரக்கூலிக்காரர் |
| சீட்டு, பாதிக்கு முன் | சுமார் 30% வட்டிக்குச் சமம் | ஜாமீன் போட்டவர் | பொருந்தாது; கடைசி மாதங்களில் எடுப்பதே நல்லது |

அடகுக்கடைக்கு 24,000, மைக்ரோ கடனுக்கு 13,500 என்று பார்த்து இரண்டாவது மலிவு என்று நினைக்க வேண்டாம். இரண்டும் 24 சதவீதம்தான். மைக்ரோ கடனில் முதல் மாதத்திலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முழு ஒரு லட்சம் வருஷம் முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை.

மதினி வீட்டில் முடிவானது

ஒரே இடத்தில் ஒரு லட்சம் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. மதினியின் பெட்டியில் அறுந்த சின்னச் செயின் ஒன்றும் ஒற்றைக் கம்மலும் கிடந்தன. அவற்றை விற்றதில் 30,000 கிடைத்தது. அவர் எட்டு வருஷமாக இருக்கும் சுய உதவிக் குழுவில் 20,000 கேட்டார், தந்தார்கள். அதைப் பீடிக் கூலியிலிருந்து கட்டிவிடலாம். மீதி 50,000-க்கு வளையலை வங்கியில் வைத்தோம். அதைப் பிசானம் அறுத்து மீட்பதாக முடிவு. சீட்டைத் தொடவில்லை, அது கடைசி மாதங்களில் எடுத்தால் இரண்டாம் வருஷக் கட்டணத்துக்கு உதவும்.

மைக்ரோ கடன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் மதினிக்குச் சங்கடமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் குழுத் தலைவி. "பத்தாவது ஆள் நீங்கதான்னு நம்பி இருந்தேன்" என்றாராம். நான் கூடப் போய்ப் பேசினேன். அவர் வீட்டிலும் ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். அவனுக்குக் கல்விக்கடன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை மதினி மகளுக்கும் அந்தப் பையனுக்கும் சேர்த்து வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போகிறோம்.